அட்டையின் பின்பக்கம்

நம் ஊரில் ‘கட்-அவுட்’ என்றால் படம் வெளியாகும் அன்று நாயகனுக்குப் பாலாபிஷேகம் நடக்கும் இடம். 1970-களில் அமெரிக்க இசைத்தட்டுக் கடைகளில் அதே சொல்லுக்கு நேர் எதிர்ப் பொருள். விற்காமல் கம்பெனிக்கே திரும்பிய தட்டின் அட்டையில் ஒரு மூலையைக் கத்தரிப்பார்கள், அல்லது ஓரமாக ஓர் ஓட்டை போடுவார்கள். பிறகு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படி மூலை வெட்டுப்பட்ட தட்டுதான் கட்-அவுட். கடையின் கடைசி மூலையில், முட்டி போட்டுக் கிளற வேண்டிய உயரத்தில், பெட்டி பெட்டியாகக் கிடக்கும். இன்று ஜாஸ் ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற ஆல்பங்களில் பல, ஒரு காலத்தில் அங்கே தூசி தின்றவை. அதே தட்டுகளின் முதல் பதிப்பு, ஓட்டை போட்ட அட்டையோடுகூட, இணையத்தில் ஏலம் போகிறது.

விலை ஏறியது ஒரு பக்கம் இருக்கட்டும். தேடுகிற விதமே மாறிப்போனதுதான் எனக்குப் பெரிய மாற்றமாகப் படுகிறது.

அன்று பெட்டியைக் கிளறியவர் முன்பக்கப் படத்தில் மயங்க மாட்டார். கை தானாக அட்டையைத் திருப்பும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்: சாக்ஸபோன் இன்னார், பியானோ இன்னார், பாஸ் இன்னார், டிரம்ஸ் இன்னார். சில தட்டுகளில் பதிவு நடந்த நாளும் ஸ்டூடியோவும்கூட இருக்கும். ஆல்பத்துக்குச் சொந்தக்காரர் யாரென்றே தெரியாவிட்டாலும் கவலையில்லை. டிரம்ஸில் உட்கார்ந்திருப்பவர் தெரிந்த ஆளாக இருந்தால் போதும், காசு கைமாறிவிடும். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரைத் தாண்டி ‘நாதஸ்வரம்: இன்னார்’ என்ற வரியைத் தேடுகிற பழைய ரசிகரைப் போல.

ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, 1971. அந்தச் சச்சிதானந்தா நம் கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய சுவாமி. கணவர் ஜான் கோல்ட்ரேன் இறந்த துயரத்தில் இருந்த ஆலிஸ் அவரிடம் சிஷ்யை ஆனார். தலைப்புப் பாடலில் தம்புரா சுருதிக்கு மேல் டபுள் பாஸ் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அந்தத் தரையில்தான் ஆலிஸின் ஹார்ப் நடக்கிறது, ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் எழுகிறது. ஆலிஸை அன்றைய விமர்சகர்கள் அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. பெரிய மனிதரின் மனைவி, சாமியார் பின்னால் போய்விட்டவர் என்ற பார்வை. இன்றோ அவர் வழியாகத்தான் பல இளைஞர்கள் ஜாஸுக்குள்ளேயே நுழைகிறார்கள்.

அந்தப் பாஸ் யார்? அட்டையில் இருக்கிறது பெயர்: சிசில் மெக்பீ. அன்றைய ரசிகருக்கு அது ஒரு நூலின் முனை. பிடித்து இழுத்தால் ஒரு பக்கம் சார்ல்ஸ் லாயிடின் ‘ஃபாரஸ்ட் ஃப்ளவர்’ வரும். 1966-இல் மான்டெரே விழாவில் பதிவான அது, ஜாஸ் வட்டத்துக்கு வெளியே ராக் ரசிகர்களிடமும் விற்றுத் தீர்ந்த தட்டு. இன்னொரு பக்கம் இழுத்தால் மெக்பீ 1974-இல் தன் பெயரிலேயே பதிவுசெய்த ‘முட்டிமா’ வரும். அதை வெளியிட்டது ஸ்ட்ராட்டா-ஈஸ்ட். சார்ல்ஸ் டாலிவர், ஸ்டான்லி கவல் என்ற இரண்டு கலைஞர்கள் 1971-இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஒலிநாடா வாசித்தவருக்கே சொந்தம் என்பது அவர்கள் கொள்கை. கொள்கை பெரியது, கைக்காசு சிறியது. விளம்பரம் கிடையாது, எல்லாக் கடைக்கும் சரக்குப் போகாது. அந்தத் தட்டுகள் காணாமல்போனதற்கு இசை காரணமல்ல, லாரிதான் காரணம்.

இன்று அதே ஆலிஸ் கைபேசியில் இரண்டு தட்டலில் கிடைக்கிறார். செயலியில் சின்னச் சதுரமாக அட்டைப் படம், பாட்டின் பெயர், ஆலிஸின் பெயர். பாஸ் வாசித்தவர் பெயர் எங்கே? சில செயலிகளில் மூன்று புள்ளியைத் தட்டி, இன்னொரு பட்டியலுக்குள் நுழைந்தால், எழுதியவர், தயாரித்தவர் வரை வரும். பல பழைய ஆல்பங்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. மெக்பீயின் பெயரை இணையத்தில் தேடினால் இடையிடையே ஜப்பானிய இளம்பெண்களுக்கான உடைகள் வந்து நிற்கும். விளையாட்டில்லை. அவர் பெயரிலேயே அங்கே ஓர் உடை நிறுவனம் கடைகள் நடத்தியது. அவர் அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். அட்டையில் இருக்க வேண்டிய பெயர் சட்டைக் காலருக்குப் போய்விட்டது.

பெயரைப் பிடித்துப் போனது அன்று. சாயலைப் பிடித்துப் போவது இன்று. ‘இது பிடித்ததா, அப்படியானால் இதுவும் பிடிக்கும்’ என்று இயந்திரம் அடுத்ததைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. இதை முழுக்கத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ரியோ ஃபுகுயி என்ற ஜப்பானியர் 22 வயதில்தான் பியானோ தொட்டார், அதுவும் தானாகவே கற்றுக்கொண்டார். 1976-இல் ‘சீனரி’ என்ற ஆல்பம் வந்தது. வடக்கே சப்போரோவில் மனைவியோடு ஒரு ஜாஸ் கிளப் நடத்திக்கொண்டு, உலகம் அறியாமல் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு யூடியூப்பின் பரிந்துரை அந்த ஆல்பத்தை லட்சக்கணக்கானோர் முன் கொண்டுவந்து வைத்தது. எந்தப் பின்பக்கமும் செய்யாததை அந்த இயந்திரம் செய்தது. அவர் 2016-இல் காலமானார்.

ஆனால் சாயல் தேடும் இயந்திரத்துக்கு ஜோ ஹாரியட் போன்றவர்களோடு தகராறு. ஜமைக்காவில் பிறந்து 1951-இல் லண்டன் வந்த ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர். காசநோயோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, மெட்டும் தாளக்கட்டும் இல்லாமல் வாசித்தால் என்ன என்று யோசித்தார். 1960-இல் பதிவான ‘ஃப்ரீ ஃபார்ம்’ அதன் விளைவு. அமெரிக்காவில் ஆர்னெட் கோல்மன் ஏறக்குறைய அதே காலத்தில் வேறு வழியில் அங்கே வந்து சேர்ந்திருந்தார். ஒப்பீடு ஹாரியட்டை விடவே இல்லை. பிறகு அவர் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயருடன் சேர்ந்து, சிதாரும் தபலாவும் ஜாஸும் கலந்த தட்டுகள் போட்டார். 1969-இல் கோவா வம்சாவளிக் கிதார்காரர் அமான்சியோ டி’சில்வாவுடன் ‘ஹம் தோனோ’. ஒரே ஆள், மூன்று நான்கு சாயல். அன்றைய கடைக்காரருக்கு எந்த அடுக்கில் வைப்பதென்று குழப்பம். இன்றைய இயந்திரத்துக்கும் அதே குழப்பம். ஹாரியட் 1973-இல், 44 வயதில், கையில் ஒன்றுமில்லாமல் இறந்தார். ‘ஹம் தோனோ’ வெகுகாலம் சேகரிப்பாளர்கள் மட்டுமே பெருமூச்சோடு பேசிய தட்டு. மறுவெளியீடு வந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்களின் காதுக்கு எட்டியது.

இதைவிட வேறு மாதிரியான தொலைதல் ஒன்று உண்டு. பிரேசிலின் மொவாசிர் சாந்தோஸ். பெர்னாம்புகோவில் பிறந்து, சிறுவயதிலேயே தாயை இழந்து, பதின்வயதில் ஊரைவிட்டு ஓடி, பேண்டு வாத்தியக் குழுக்களில் வாசித்து, ரியோவின் தேசிய வானொலியில் இசையமைப்பாளராக உயர்ந்தவர். கிதார்காரர் பேடன் பவல் போன்றவர்களுக்கு வாத்தியார். 1965-இல் ‘கோய்சாஸ்’ ஆல்பம். ‘கோய்சா’ என்றால் ‘பொருள்’, ‘சங்கதி’ என்று சொல்லலாம். மேற்கத்திய செவ்வியல்காரர்களைப் போல ஓபஸ் ஒன்று, இரண்டு என்று எண்ணிடக் கூச்சப்பட்டு, சங்கதி ஒன்று, சங்கதி இரண்டு என்று பத்து வரை எண்ணிட்டார். ஆப்பிரிக்கத் தாளத்தின் மேல் பிரெஞ்சு ஹார்னும் பாரிடோன் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் அடுக்கடுக்காக நகரும். 1967-இல் கலிஃபோர்னியா போய்விட்டார். ப்ளூ நோட் கம்பெனிக்குச் சில ஆல்பங்கள், மற்ற நேரம் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பு. ஊரில் ‘கோய்சாஸ்’ அச்சில் இல்லாமல் போனது; அதன் இசைக் குறிப்புத் தாள்களும் தொலைந்துபோயின.

மாரியோ அட்னெ, ஸே நொகெய்ரா என்ற இரண்டு கலைஞர்கள் பழைய தட்டைப் போட்டு உட்கார்ந்தார்கள். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒவ்வொரு வாத்தியம் வாசித்ததையும் காதால் பிடித்து எழுதினார்கள். பின்னால் மங்கலாகக் கேட்கும் ஹார்ன் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்பது வரை. எழுதியதைச் சாந்தோஸிடமே காட்டித் திருத்தம் வாங்கினார்கள். 2001-இல் ‘ஓரோ நெக்ரோ’ என்று இரட்டை சிடியாக, மில்டன் நாசிமென்டோவும் ஜில்பெர்ட்டோ ஜில்லும் பாட, மொத்தமும் புதிதாகப் பதிவானது. சாந்தோஸ் அதைக் கேட்டுவிட்டு, ஐந்து வருடம் கழித்து, 2006-இல் இறந்தார். உயிரோடு இருக்கும்போதே தேடிக் கண்டெடுக்கப்பட்ட வெகு சிலரில் அவர் ஒருவர்.

கைபேசியில் எல்லாம் கொட்டிக் கிடக்கிற இந்தக் காலத்தில் இப்படியொரு காரியத்தை யார் செய்வார்கள் என்று கேட்டால், செய்யத் தேவையே இல்லையே என்பார்கள். ஒலி பத்திரமாக இருக்கிறது, உண்மை. வாசித்தவர்களின் பெயர்தான் அட்டையோடு போய்க்கொண்டிருக்கிறது.

இன்றிரவு ‘கோய்சாஸ்’ கேளுங்கள், ‘சங்கதி ஐந்து’ என்று எண்ணிட்டதிலிருந்து தொடங்குங்கள். அடுத்த பாட்டை இயந்திரம் போடுவதற்குள் நிறுத்திவிட்டு, உங்களுக்குப் பிடித்த வாத்தியத்தை வாசித்தவர் யாரென்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேடுங்கள்.