வெண்பனி நாட்டில் இல்லத்துக் கிறிஸ்து பிறப்பு விழா

கிறிஸ்து பிறப்பு விழாவைக் குறித்து உலகெங்கும் பரவியுள்ள ஓவியம் ஒன்று உண்டு. வெண்பனி மூடிய மலைச்சரிவு, அதன் நடுவே ஒரு சிற்றூர், சன்னல்தோறும் விளக்கொளி, உள்ளே கணப்பைச் சூழ்ந்து அமர்ந்திருக்கும் குடும்பம். வாழ்த்து அட்டைகளின் வழியாக இவ்வோவியம் நம் சபை மக்களின் இல்லங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. இதனைப் பற்றி அருட்பணியாளரிடையே இருவகை மனப்பான்மைகள் காணப்படுகின்றன. ஒரு சாரார் சவுக்குக் கிளையில் பஞ்சை ஒட்டிப் பனியாக்கி, அதுவே விழாவின் இயல்பான கோலம் எனக் கொள்கின்றனர். மற்றொரு சாரார் இவை யாவும் அயல்நாட்டு மோகமும் வாணிகமுமே எனத் தள்ளிவிடுகின்றனர். இவ்விரு சாராரும், அவ்வோவியம் பிறந்த மண்ணில் அதற்கு என்ன பொருள் இருந்தது என்று வினவுவதில்லை. அவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கெனச் செருமானிய நாட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1. நிலமும் இருளும்

செருமனியின் கிழக்கே, சாக்சனி மாநிலத்திற்கும் செக் நாட்டிற்கும் எல்லையாக எர்ட்ஸ்கெபிர்கெ என்னும் மலைத்தொடர் அமைந்துள்ளது. இப்பெயருக்குத் தாதுமலை என்பது பொருள். 1168ஆம் ஆண்டளவில் பிரைபெர்க் என்னுமிடத்தில் வெள்ளி கண்டெடுக்கப்பட்ட பின்னர், சுரங்கத் தொழிலே அம்மலைநாட்டின் வாழ்வாயிற்று. சீர்திருத்தத்திற்குப் பின் சாக்சனிப் பகுதி மக்கள் லூத்தரன் சபையினராயினர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர் பிறந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரும் சாக்சனி மாநிலத்திலேயே உள்ளது.

டிசம்பர்த் திங்களில் அங்கே பகற்பொழுது ஏறத்தாழ எட்டு மணி நேரமே. ஞாயிறு காலை எட்டு மணியளவில் எழுந்து, மாலை நான்கு மணியளவில் மறைந்துவிடும். சுரங்கத் தொழிலாளி விடியுமுன் நிலத்தினடியில் இறங்கி, இருட்டிய பின்னரே மேலே வருவான். குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமையன்றி மற்ற நாட்களில் அவன் பகலொளியைக் காண்பதே அரிது. வெண்பனியும் அவனுக்கு அழகுப்பொருள் அன்று. வழியை மூடுவது, விறகைத் தீர்ப்பது, அண்டை ஊரையும் தொலைவாக்குவது. மார்கழிப் பனியை மட்டும் அறிந்த நாம் இவ்வேறுபாட்டை நினைவில் இருத்த வேண்டும்.

இத்தகைய இருளில் வாழ்ந்தோர்க்கு ஒளி எத்துணை அருமையானது என்பதைக் கூறவேண்டுவதில்லை. ஆகவே திருவருகைக் காலத்தில் இம்மலைநாட்டார் தம் சன்னல்களில் விளக்கேற்றினர். ஆண் குழந்தை ஒவ்வொன்றிற்கும் மரத்தாலான ஒரு சுரங்கத் தொழிலாளியின் உருவும், பெண் குழந்தை ஒவ்வொன்றிற்கும் ஒரு தேவதூதனின் உருவும் கையில் மெழுகுவத்தி ஏந்திச் சன்னலில் நிற்கும். தெருவழியே செல்வோர் விளக்குகளை எண்ணி, அவ்வீட்டில் எத்தனை பிள்ளைகள் உள்ளனர் என அறிந்தனர். வளைவு வடிவான மெழுகுவத்தித் தாங்கியும் இங்குத் தோன்றியதே. யோஹான்கியோர்கென்ஸ்டட் என்னும் சுரங்க ஊரில் 1740இல் இரும்பால் செய்யப்பட்ட ஒன்று இவ்வகையில் மிகப் பழையதாக அறியப்பட்டுள்ளது. இவ்விளக்குகள் வீட்டினுள் இருப்போர்க்காக மட்டும் ஏற்றப்பட்டவை அல்ல. வெளியே பனியில் வருவோர் காணும்படி சன்னலில் வைக்கப்பட்டவை. இக்குறிப்பைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

2. திருமுன்மாலை விருந்து

டிசம்பர் 24ஆம் நாள் மாலையே அங்கு விழாவின் உச்சம். பிற்பகலில் ஆலயத்தில் மாலை வழிபாடு நடைபெறும். அது முடிந்து பனியில் நடந்து வீடு திரும்பிய பின், கதவு மூடப்பட்டு விளக்கு ஏற்றப்படும். குடும்பத் தலைவர் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை வாசிப்பது வழக்கம். பின்னர் ஒன்பது வகை உணவுகள் கொண்ட விருந்து. இறைச்சி வறுவல், புளிக்கவைத்த முட்டைக்கோசு, மாவுருண்டை, பயறு, காளான், உலர்ந்த பழங்கள், பாலில் ஊறிய ரொட்டி என அவ்வீட்டின் நிலைக்கேற்ப இவை அமையும். மறுநாள் விடியுமுன் மக்கள் கைவிளக்குகளுடன் பனியினூடே மீண்டும் ஆலயத்திற்குச் செல்வர்.

இவ்விருந்தில் நாட்டுப்புற நம்பிக்கைகள் பல கலந்துள்ளன. பயறு உண்டால் வரும் ஆண்டில் சில்லறைக் காசு குறையாது. மாவுருண்டை உண்டால் பெருந்தொகை கிட்டும். உண்ணும்போது எவரும் இடையில் எழலாகாது என்பன அவற்றுட் சில. நம் கிராமச் சபைகளில் பணியாற்றும் ஆயர்களுக்கு இக்கலப்பு புதியதன்று. பஞ்சத்தை அறிந்த மக்களின் அச்சமும் ஆசையும் விழா நாளில் உணவின் வழியே பேசுகின்றன. அவற்றை நகைத்தொதுக்குவது ஆயரின் பணியன்று. அவ்வச்சத்திற்கு நற்செய்தி என்ன விடை தருகிறது எனக் காட்டுவதே அவர் பணி.

இம்மேசையில் நம் கருத்தைக் கவரும் வழக்கங்கள் வேறு இரண்டு உண்டு. ஒன்று, மேசையில் வைக்கோல் இடுவது. பாலகன் கிடத்தப்பட்ட முன்னணையை அது நினைவூட்டும். மற்றொன்று, குடும்பத்தாரின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு தட்டு கூடுதலாக வைப்பது. அத்தட்டு, அழையாமல் வரக்கூடிய அயலானுக்கு உரியது. பனி பெய்யும் இரவில் வழி தப்பியவன் கதவைத் தட்டுவது அம்மலையில் கற்பனையன்று. அவனுக்கென ஓர் இடம் முன்னதாகவே ஒதுக்கப்பட்டிருந்தது.

3. ஆலயத்திலிருந்து இல்லத்திற்கு

விழாவின் நடுவிடம் இவ்வாறு இல்லத்திற்கு நகர்ந்ததில் சீர்திருத்தச் சபையின் பங்கு பெரிது. லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு விசுவாசத்தைக் கற்பிக்க வேண்டும் என்னும் நோக்குடன் அமைந்தது. 1535இல் அச்சேறிய அவருடைய கிறிஸ்து பிறப்புப் பாடல், தேவதூதன் குழந்தைகளிடம் நேரில் பேசுவதுபோல் தொடங்குகிறது. பரிசளிக்கும் வழக்கமும் சீர்திருத்த நாடுகளில் டிசம்பர் 6ஆம் நாளாகிய புனித நிக்கொலாவின் திருநாளிலிருந்து படிப்படியாகக் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மாறிற்று. எனினும் லூத்தர் தம் மனைவி மக்களுடன் ஒளிவீசும் மரத்தைச் சூழ்ந்து அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாகாது. அது 1843இல் ஷ்வெர்ட்கெபூர்ட் என்னும் கலைஞர் தீட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செருமானியக் குடும்பம் தன் சாயலை லூத்தரின் வீட்டில் கண்டது என்பதையே அது நமக்குக் கூறுகிறது.

அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இல்லத்து விழா இறையியலின் பொருளாகிவிட்டது. ஹாலே நகரில் ஆசிரியராயிருந்த ஷ்லையர்மாகர் 1806இல் கிறிஸ்து பிறப்பு விழா பற்றிய ஓர் உரையாடல் நூலை வெளியிட்டார். விழா மாலையில் ஒரு வீட்டில் உற்றாரும் நண்பரும் கூடுகின்றனர். பெண்கள் தாம் கண்ட விழா நிகழ்ச்சிகளைக் கதைகளாகச் சொல்கின்றனர். ஆடவர் இவ்விழாவின் வரலாற்று அடிப்படை குறித்தும் கொள்கைப் பொருள் குறித்தும் வாதிக்கின்றனர். இறுதியில் வரும் ஒருவர், வாதங்களை விடுத்து மகிழ்ந்து பாடுமாறு அனைவரையும் அழைக்கிறார். மகிழ்ச்சியே விசுவாசத்தின் முதற்குரல். கோட்பாடு அதனைத் தொடர்ந்து வருவது என்பது அந்நூல் உணர்த்தும் கருத்து. இதனை நாம் முழுவதும் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். எனினும் ஓர் இல்லத்தின் மகிழ்ச்சியை இறையியல் இகழலாகாது என்னும் அளவில் அவர் கூற்று நிலைபெறத்தக்கது. வார்த்தை மாம்சமாயிற்று என்று அறிக்கையிடும் சபை, உணவையும் விளக்கையும் குழந்தையின் சிரிப்பையும் அற்பமென எண்ண இயலாது.

4. இரண்டு ஆபத்துகள்

ஆயினும் இம்மகிழ்ச்சிக்கு ஆபத்துகள் உண்டு. முதலாவது, மூடிய கதவு. வெளியே குளிர் மிகுந்தால் உள்ளே இருக்கும் கணப்பின் இன்பமும் மிகும்; வெளியே இருப்பவர் மறைந்துபோவது எளிது. எர்ட்ஸ்கெபிர்கெயின் வரலாறே இதற்குச் சான்று. சுரங்கங்களில் வளம் குன்றியபோது மக்கள் மரவேலைக்குத் திரும்பினர். சைபென் என்னும் ஊரைச் சூழ்ந்த பகுதி பொம்மைத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைநாட்டுக் குழந்தைகள் விழா நாளில் பெற்று மகிழ்ந்த மரப்பொம்மைகளை, அம்மலைக் குடிசைகளில் பெற்றோருடன் அமர்ந்து சிறுவர் சிறுமியரும் செய்தனர். அவர்கள் பெற்ற கூலி மிகச் சொற்பம். பிறர் இல்லத்தின் விழாவைச் செய்து கொடுத்தோர் தம் இல்லத்தில் வறுமையையே கண்டனர்.

இரண்டாவது ஆபத்து இதனினும் கொடியது. 1933க்குப் பின் செருமனியை ஆண்ட நாசிக் கட்சியினர் கிறிஸ்து பிறப்பு விழாவை ஒழிக்க முற்படாமல், அதன் பொருளை மாற்ற முயன்றனர். வெண்பனி, மரம், விளக்கு, தாயும் சேயும் ஆகிய அனைத்தையும் வைத்துக்கொண்டனர். கிறிஸ்துவின் பிறப்பு இருந்த இடத்தில் குளிர்கால ஞாயிற்றின் திரும்புதலையும் இனத்தின் பெருமையையும் வைத்தனர். அக்காலத்து விழாப் பாடல்கள் சிலவற்றில் விண்மீனும் தீயும் அன்னையும் உண்டு. கிறிஸ்துவின் பெயர் இல்லை. யூதரை அவர்தம் வீடுகளிலிருந்து துரத்திய ஆட்சி, யூதப் பாலகன் ஒருவனின் பிறந்தநாளை இல்லத்தின் இன்பமாகக் கொண்டாடச் சொல்லிற்று. கோலம் அனைத்தும் குறைவின்றி நிற்கையிலேயே நற்செய்தி வெளியேற்றப்படக்கூடும் என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

5. இடமளிக்கும் வீடு

இவ்வாபத்துகளை அளந்தறியத் திருமறையே நமக்கு அளவுகோல் தருகிறது. லூக்கா 2:7இல் நம் தமிழ் மொழிபெயர்ப்பு சத்திரம் என்று கூறுமிடத்தில், கிரேக்க மூலத்தில் கட்டலூமா என்னும் சொல் உள்ளது. கடைசி இராவுணவிற்கு ஆயத்தம் செய்யப்பட்ட விருந்தறையைக் குறிக்க லூக்கா 22:11இல் இச்சொல்லே வருகிறது. நல்ல சமாரியன் உவமையிலோ, கட்டணம் கொடுத்துத் தங்கும் சத்திரத்திற்கு வேறொரு சொல் ஆளப்பட்டுள்ளது. ஆகவே விருந்தினர் அறையில் இடமின்மையால், குடும்பமும் கால்நடையும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த ஓர் எளிய வீட்டின் உட்பகுதியில், தீவனத் தொட்டியில் பாலகன் கிடத்தப்பட்டார் என விளக்கும் அறிஞர் உளர். எர்ட்ஸ்கெபிர்கெயின் பழைய விவசாய வீடுகளிலும் மாந்தரும் கால்நடையும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. இவ்விளக்கத்தை ஏற்பின், நற்செய்தி நமக்குக் காட்டுவது நெருக்கடியிலும் இடமளித்த ஒரு வீட்டை. மரபுவழி விளக்கத்தை ஏற்பின், இடம் மறுத்த ஓர் ஊரை. எவ்வாறாயினும் கேள்வி ஒன்றே: இங்கே இடம் உண்டா?

இக்கேள்விக்குச் செயலால் விடையளித்தவர் விக்கெர்ன் என்னும் லூத்தரன் இறையியலாளர். 1833இல் ஹாம்பர்க் நகரின் அருகே ஹோர்ன் என்னும் சிற்றூரில், ஆதரவற்ற சிறுவர்க்கென அவர் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். பெருங்கூடத்தில் நூற்றுக்கணக்கில் அடைக்காமல், சிறு சிறு குடும்பங்களாக அவர்களைத் தனித்தனி வீடுகளில் வாழச் செய்தார். விழா எப்போது வரும் எனச் சிறுவர் வினவியதால், 1839இல் ஒரு மரச்சக்கரத்தில் வாரநாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகளும், திருவருகைக் கால ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகளும் அமைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பர். இன்று ஆலயங்களிலும் இல்லங்களிலும் காணும் திருவருகை வளையம் அதிலிருந்தே பிறந்தது. வீடற்ற சிறுவர்க்காக ஏற்றப்பட்ட விளக்கே வீடுள்ளோரின் அணியாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது.

டீட்ரிக் போன்ஹோபர் 1943 டிசம்பரில் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து தம் பெற்றோருக்கு எழுதிய கடிதம் இவ்விரு உண்மைகளையும் இணைக்கிறது. பெற்றோர் தமக்களித்த இல்லத்து விழாக்களின் நினைவு, இருண்ட நாளில் தம்மைத் தாங்குவதை அவர் நன்றியுடன் குறிப்பிடுகிறார். அதே கடிதத்தில், மனிதர் முகம் திருப்பும் இடத்திற்கே கடவுள் வருகிறார் என்பதை, இடமின்றித் தொழுவத்தில் பிறந்தவரின் கதையை, சிறைக்கைதி பிறரினும் நன்கு உணர்வான் என்கிறார். வீட்டின் மகிழ்ச்சி அவரைச் சிறைக்கு அயலானாக்கவில்லை; சிறையிலும் விழாவை அறிந்துகொள்ள அவரை ஆயத்தப்படுத்திற்று.

முடிவுரை

வெண்பனி நமக்குரியதன்று, பஞ்சால் அதனைச் செய்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. ஆயின் பனி நாட்டு எளிய மக்கள் அவ்விழாவில் கண்டறிந்தவை நமக்கும் உரியவை. இல்லத்திலேயே திருமறை வாசிக்கப்படுதல், குழந்தைகள் விழாவின் நடுவில் இருத்தல், வெளியே செல்வோரும் காணும்படி விளக்கேற்றுதல், அயலானுக்கு ஒரு தட்டு வைத்தல் ஆகியன அவை.

ஆயர்களும் இறையியல் மாணவரும் இவ்வாண்டுத் திருவருகைக் காலத்தில் தம் சபைக் குடும்பங்களைச் சந்திக்கும்போது, விழா ஏற்பாடுகளை வினவுவதோடு நில்லாமல், இம்முறை யார் உங்களுடன் உண்பார் என்றும் வினவுவார்களாக. துணையை இழந்தவர், பிள்ளைகள் தொலைவில் உள்ள முதியோர், சாதியின் பெயரால் எந்த வீட்டிற்குள்ளும் அழைக்கப்படாத விசுவாசி, வேலை தேடி வந்து தங்கியிருக்கும் வேற்று மாநிலத்து இளைஞர் ஆகியோர் ஒவ்வொரு சபையின் எல்லைக்குள்ளும் உள்ளனர். இவர்களுள் ஒருவரையேனும் தன் பந்தியில் அமர்த்த ஒவ்வொரு குடும்பத்தையும் ஆயத்தப்படுத்துவது, விழா நாளின் அருளுரையைப் போன்றே ஆயரின் கடமையாகும்.