ஷூ கம்பெனி வேலை.. கையில் தீராத அரிப்பு.. க்ரீம் போட்டும் திரும்பத் திரும்ப வருவது ஏன்? செல்லுக்குள் இருக்கும் ‘ஸ்விட்ச்’ - முழு விளக்கம்

ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என பாலாற்றுப் பகுதியில் டேனரியையும் ஷூ கம்பெனியையும் நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வரக்கூடிய பிரச்னைகளில் ஒன்று கைகளில் அரிப்பு, சிவப்பு, வெடிப்பு. மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் வாங்கிப் போட்டால் அடங்கும். நிறுத்தினால் மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

ஏன் இப்படி? பதில், நம் செல்களுக்குள் இருக்கும் ஒரு புரதத்தில் இருக்கிறது. பெயர், ‘என்.எஃப். கப்பா பி’.

அது என்ன என்.எஃப். கப்பா பி?

1986-ல் அமெரிக்காவில் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகிய விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தனர். பால்டிமோர் 1975-லேயே நோபல் பரிசு பெற்றவர். முதலில் நோய் எதிர்ப்பு வேலை செய்யும் பி செல்களில் மட்டும் இருப்பதாகக் கருதப்பட்டது. பிறகுதான் உடலின் கிட்டத்தட்ட எல்லா செல்களிலும் இது உண்டு என்பது தெரியவந்தது.

எந்த ஜீன் எப்போது வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் புரதங்களில் இதுவும் ஒன்று. குறிப்பாக, அழற்சியை உண்டாக்கும் ஜீன்களுக்கு இதுதான் முக்கிய ஸ்விட்ச்.

எப்படி வேலை செய்கிறது?

சாதாரண நேரத்தில் ‘ஐ கப்பா பி’ என்ற இன்னொரு புரதம் இதை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். கிருமி, காயம், ரசாயனம் என ஏதாவது ஆபத்து வந்தால், பிடித்து வைத்திருந்த புரதம் சிதைக்கப்படும். விடுபட்ட என்.எஃப். கப்பா பி சில நிமிடங்களில் செல்லின் உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். உடனே டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் தயாராகும். சிவப்பு, வீக்கம், எரிச்சல் எல்லாம் அதன் விளைவுதான்.

இது வேண்டாத புரதம் கிடையாது. இந்த வழித்தடத்தில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்கு அடிக்கடி கடுமையான தொற்று வரும். இன்னொரு விஷயம், ஐ கப்பா பி-யை மறுபடி உருவாக்கும் ஜீனையும் இதே புரதம்தான் தட்டி எழுப்புகிறது. அதாவது, தன்னை அணைக்கும் ஆளைத் தானே வரவழைக்கிறது. தூண்டுதல் நிற்காமல் தினமும் வந்துகொண்டே இருந்தால்தான் சிக்கல்.

குரோமியத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமிய உப்பு. பதனிடும் முறை சரியில்லை என்றாலோ, பிறகு வெப்பம் பட்டாலோ, அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக மாறலாம். சருமத்துக்குள் எளிதாகப் புகுவது இந்த வகைதான்.

உள்ளே போன குரோமியம் உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, நோய் எதிர்ப்பு செல்கள் அதை ‘எதிரி’ என்று நினைவில் வைத்துக்கொள்கின்றன. இன்டர்லூகின்-1 என்ற அபாய மணியும் வெளியாகிறது. பக்கத்து செல்களில் என்.எஃப். கப்பா பி-யை எழுப்புவது இந்த மணிதான். ஒருமுறை பதிந்த நினைவு லேசில் போகாது. அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே ஓரிரு நாளில் அரிப்பு வரும்.

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல், சருமத்தில் படும் தோல் பொருட்களில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவை எட்டும் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் விற்கத் தடை விதித்துள்ளது. வாங்குபவரின் காலுக்கு அந்தப் பாதுகாப்பு. செய்பவரின் கைக்கு?

க்ரீம் போட்டால் ஏன் அடங்குகிறது?

கடையில் கேட்டு வாங்கும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஸ்டீராய்டு வேலை செய்யும் முக்கிய வழிகளில் ஒன்று, என்.எஃப். கப்பா பி-யை அடக்குவது. ஸ்விட்ச் அணையும், அரிப்பு குறையும். ஆனால் ஸ்விட்சைப் போடும் குரோமியம் அப்படியே இருக்கிறதே! மறுநாள் வேலைக்குப் போனால் மறுபடியும் அதே கதைதான்.

மாதக்கணக்கில் போட்டால் சருமம் மெலிந்துபோகும். வந்திருப்பது படர்தாமரை என்றால், எதிர்ப்பு சக்தியும் சேர்ந்து அடங்குவதால் பூஞ்சை இன்னும் பரவும். இதையெல்லாம் கருதித்தான் 2018-ல் மத்திய அரசு, 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

மஞ்சள் பூசலாமா?

மஞ்சளில் உள்ள குர்குமின் இந்தப் புரதத்தை அடக்குவதாக 1995-ல் ஆய்வு வெளியானது உண்மை. ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில். சாப்பிடும் குர்குமின் மிகக் குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது. வெடித்த கையில் மஞ்சள் பூசுவது சிகிச்சை ஆகாது.

என்ன செய்யலாம்?

* தோல் மருத்துவரிடம் ‘பேட்ச் டெஸ்ட்’ பற்றிக் கேளுங்கள். முதுகில் ரசாயனங்களைச் சிறு அளவில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு மீண்டும் ஒருமுறை பார்ப்பார்கள். காரணம் குரோமியமா, ஷூ ஒட்டும் பசையா, ரப்பரா என்பது தெரிந்துவிடும்.

* ரப்பர் கையுறையே சிலருக்கு அலர்ஜி தரும். எந்தக் கையுறை என்பதை டெஸ்ட் முடிவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

* குரோமியம் அலர்ஜி உறுதியானால், வீட்டில் போடும் தோல் செருப்பையும் கவனியுங்கள். சிமென்டிலும் குரோமியம் உண்டு.

* என்ன வேலை, எந்த ரசாயனம் என்பதை மருத்துவச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் குரோமியத்தால் வரும் நோய்களும் இடம்பெற்றுள்ளன. இ.எஸ்.ஐ. உதவியோ இழப்பீடோ கேட்கும்போது அந்தச் சீட்டுதான் முதல் ஆதாரம்.