பாரம் ஏறினால் வண்டி திணறுவது ஏன்?

ஓசூரில் 1980-ல் உருவான டி.வி.எஸ். 50 மொபெட்டின் வாரிசுகள் இன்றும் அவ்வூர் மூக்கண்டப்பள்ளித் தெருக்களில் மூட்டை சுமக்கின்றன. வெறும் வண்டியாக நன்றாக ஓடும். மூட்டை ஏற்றி மேடேறினால் திணறும். ஏன்?

குறைந்த வேகத்துக்குச் சொட்டுப் பெட்ரோல் போதும். பாரம் ஏறி ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகும்போது பெட்ரோல், காற்று, புகை மூன்றும் தடையின்றிப் பாய வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் பாதி அடைத்திருந்தால், அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் காதைத் தீட்டுங்கள். இன்ஜின் அலறியும் வண்டி நகராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜின் சத்தமே இறங்கினால், டேங்க் மூடியைச் சற்றுத் திறந்து ஓட்டுங்கள். சரியானால் மூடியின் காற்றுத் துளையில் அடைப்பு. இல்லையேல் பெட்ரோல் வடிகட்டி, ஜெட், ஏர் ஃபில்டர் என வரிசையாகப் பாருங்கள். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியானால், ஆயில் எரிந்த கரி சைலன்சரை அடைத்திருக்கலாம்.

மீனவர் படகின் அவுட்போர்டு மோட்டாருக்கும் இதே கணக்குதான். அங்கே கிளட்சுக்குப் பதில், விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கும். கரையில் சும்மா ஓட்டிப் பார்த்து நம்பாதீர்கள். பாரத்தோடு சோதித்த பிறகே கடலுக்குப் போங்கள்.