பெயர்ப் புத்தகம் யார் கையில்?



தோட்டக் கடைகளில் கடன் எழுதுவதற்கென்று வைத்திருந்த 555 புத்தகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உள்ளங்கை அளவே இருக்கும். ஆனால் எந்த வீட்டில் எத்தனை பேர், யார் எப்போது என்ன வாங்குவார்கள், யார் சம்பள நாளில் ஒழுங்காகக் கட்டுவார்கள் என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். கடை தீப்பிடித்தால்கூட அவர் முதலில் எடுத்துக்கொண்டு ஓடுவது அந்தப் புத்தகமாகத்தான் இருக்கும். அரிசி மூட்டையை மறுபடியும் வாங்கிவிடலாம். வாடிக்கையாளர் பெயர்களை எந்த மொத்த வியாபாரியிடமும் வாங்க முடியாது.

இணையத்தில் வியாபாரம் செய்கிறவர்களுக்கும் இப்படி ஒரு புத்தகம் உண்டு. அதை எங்கே வைப்பது, யாரிடம் ஒப்படைப்பது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பத்து காவானையே பாருங்கள். ஒரு காலத்தில் கரும்பு. பிறகு ரப்பரும் செம்பனையும். 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி, பத்து மாவுங்கிலிருந்து பத்து காவான் வரை 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. இன்று செம்பனை நின்ற இடங்களில் தொழிற்சாலைகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. தோட்ட வேலை போன வீடுகளில் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். தாய்மார்களில் சிலர் வீட்டிலிருந்தபடியே முறுக்கு சுடுகிறார்கள், மசாலைத் தூள் அரைக்கிறார்கள், ரவிக்கை தைக்கிறார்கள். முகநூலிலும் புலனத்திலும் படம் போட்டு விற்கிறார்கள். இது பொழுதுபோக்கு அன்று. பல வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு இதிலிருந்துதான் வருகிறது.

அப்படி முறுக்கு சுடும் ஓர் அம்மாளை நினைத்துக்கொள்வோம். நான்கு தீபாவளி கடந்து, பட்டர்வொர்த், ஈப்போ, கோலாலம்பூர் என்று 400 பேர் அவரிடம் வாங்கியிருக்கிறார்கள். எல்லாரும் முகநூல் பக்கத்தின் வழியாக வந்தவர்கள். ஒரு நாள் யாரோ அந்தக் கணக்கைத் திருடிவிடுகிறார்கள், அல்லது ஏதோ காரணத்தால் பக்கம் முடக்கப்படுகிறது. மறுநாள் அந்த 400 பேரை அவர் எங்கே போய்த் தேடுவார்? முகநூலில் இருந்தது அவருடைய கடை. பெயர்ப் புத்தகம் அவர் கையில் இருக்கவில்லை. மின்னஞ்சல் முகவரிகளை வாங்கி வைத்திருந்தால், கடை மூடினாலும் புத்தகம் மிஞ்சும். நாம் மின்னஞ்சலைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இதுதான். மற்றபடி, நம் நாட்டில் அன்றாட வியாபாரத்திற்குப் புலனமே வேகமானது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. உங்களிடம் ஐம்பது வாடிக்கையாளர்கள்தான் என்றால், இன்று சொல்லப்போகும் சேவை எதுவுமே தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கைப்பேசியும் போதும்.

நூறு, இருநூறைத் தாண்டும்போதுதான் சிக்கல் வருகிறது. "எங்களிடம் ஜிமெயில் இருக்கிறதே, அதிலேயே எல்லாருக்கும் அனுப்பினால் என்ன?" என்று கேட்பீர்கள். இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் சுமார் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. அது மட்டுமன்று. எல்லா முகவரிகளையும் 'பெறுநர்' இடத்தில் வரிசையாகப் போட்டு அனுப்பினால், ஒவ்வொருவரின் முகவரியும் மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடும். ஒரு வீட்டுக் கடன் கணக்கை அடுத்த வீட்டுக்காரரிடம் காட்டும் கடைக்காரரை யாராவது மறுபடியும் நம்புவார்களா?

மின்னஞ்சல் விற்பனைச் சேவை என்பது ஒரு தபால் குமாஸ்தாவைப் போன்றது. பெயர்களைக் காத்து வைக்கும். நீங்கள் எழுதிய ஒரே கடிதத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும். இல்லாத முகவரிக்குப் போய்த் திரும்பியவற்றைக் குறித்து வைக்கும். "இனி வேண்டாம்" என்றவரை உடனே விலக்கிவிடும். யார் கடிதத்தைத் திறந்தார்கள் என்றும் சொல்லும். இந்தக் கடைசிக் கணக்கை அதிகம் நம்ப வேண்டாம். 2021 முதல் ஆப்பிள் கைப்பேசிகள், படிக்கிறவர் திறக்காமலேயே கடிதம் திறந்ததுபோல் காட்டக்கூடிய ஒரு பாதுகாப்பைக் கொண்டிருக்கின்றன. எத்தனை பேர் முறுக்குக் கேட்டார்கள் என்பதே சரியான கணக்கு.

இனி, எந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பது? கடைத் தெருவில் எல்லாருமே கூவித்தான் விற்கிறார்கள். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் 2001இல் தொடங்கிய மெயில்சிம்ப் உண்டு; பிரான்சில் பிறந்து, முன்பு செண்டின்புளூ என்றிருந்து 2023இல் பிரெவோ என்று பெயர் மாற்றிக்கொண்டது உண்டு; லிதுவேனியாவிலிருந்து மெயிலர்லைட் உண்டு. 1996இல் தொடங்கி, தமிழ்நாட்டில் தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் வைத்து உலகெங்கும் விற்கும் சோகோ நிறுவனத்தின் கேம்பெய்ன்ஸ் சேவையும் உண்டு. தமிழர் தொடங்கிய நிறுவனம் என்பது நமக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாங்கள் சொல்லமாட்டோம். எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே.

முதல் கேள்வி, எல்லாவற்றிலும் பெரிய கேள்வி: பெயர்ப் புத்தகத்தை நான் எப்போது வேண்டுமானாலும் முழுதாக எடுத்துக்கொண்டு போகலாமா? விளம்பரத்தைப் படித்து நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கணக்குத் திறந்ததும் உங்கள் வீட்டார், உறவினர் என்று ஐந்து பேரின் முகவரியை மட்டும் போடுங்கள். பிறகு அந்த ஐந்தையும் வெளியே எடுத்துப் பாருங்கள். 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் அட்டவணைக் கோப்பு ஒன்று வரும். பெயர், முகவரி, சேர்ந்த தேதி, விலகியவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கிறதா? இருந்தால் மீதி 395 பெயர்களை நம்பிக் கொடுக்கலாம். இல்லாவிட்டால், எத்தனை அழகான வண்ணக் கடிதம் செய்து கொடுத்தாலும் அந்த இடம் நமக்கு வேண்டாம். மாதம் ஒரு முறை இப்படி எடுத்து, வீட்டுக் கணினியிலோ பென்டிரைவிலோ வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது காசு. சில சேவைகள் புத்தகத்திலுள்ள பெயர்களின் எண்ணிக்கைக்கு வாடகை கேட்கும். சில, அனுப்பும் கடிதங்களின் எண்ணிக்கைக்குக் கேட்கும். நம் முறுக்கு அம்மாளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டில் பத்து மாதம், மாதத்திற்கு ஒரு கடிதம். 400 பேருக்கு 4,000 கடிதம். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம், வாரம் ஒன்றாக எட்டுக் கடிதம், அது 3,200. ஆக ஆண்டு முழுவதும் 7,200 கடிதங்கள்தாம். பெயருக்கு வாடகை கட்டினால், சும்மா இருக்கும் பத்து மாதத்திற்கும் தீபாவளி மாதத்திற்குக் கட்டும் அதே தொகையைக் கட்ட வேண்டும். கடிதக் கணக்குத்தான் இவருக்குப் பொருந்தும். வாரந்தோறும் சரக்கு விற்கும் துணிக் கடைக்குக் கணக்கு வேறாக இருக்கும்.

இலவசம் என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. மெயில்சிம்ப் சேவையில் ஒரு காலத்தில் 2,000 பெயர்கள் வரை இலவசமாக இருந்தது. 2022க்குப் பிறகு அது சில நூறாகச் சுருங்கிவிட்டது. பிரெவோ இலவசக் கணக்கில் நெடுங்காலமாக நாளொன்றுக்கு 300 கடிதம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. 400 பேருக்கு அனுப்ப இரண்டு நாள் ஆகும், அவ்வளவே. இந்த அளவுகள் மாறிக்கொண்டே இருப்பவை. சேரும் நாளில் நீங்களே பாருங்கள். விலகிப் போனவர்களின் பெயரையும் சேர்த்து வாடகை போடும் சேவைகளும் உண்டு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் இருக்கும். டாலர் ஏறினால் நம் வெள்ளிக் கணக்கும் ஏறும். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் நம் அரசாங்கம் சேவை வரி விதிக்கிறது. 6 விழுக்காடாக இருந்தது 2024 மார்ச்சில் 8 ஆயிற்று. விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையில் இந்த வரி பெரும்பாலும் சேர்ந்திருப்பதில்லை.

கடிதம் போய்ச் சேருமா என்பது இன்னொன்று. 1978 மே மாதத்தில், கணினிகள் விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர் கேரி தூயர்க், கேட்காத சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வேண்டாத மின்கடிதத்தின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது என்பார்கள். பெற்றவர்கள் பலர் கோபப்பட்டார்கள். அன்றிலிருந்து இன்று வரை கடிதம் பெறும் நிறுவனங்கள் வாசலில் காவலாளியை நிறுத்தி நிறுத்தி, இப்போது காவல் மிகக் கடுமையாகிவிட்டது. 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் கூகுளும் யாகூவும் முத்திரை கேட்கின்றன. முத்திரை மூன்று. இன்ன இடத்திலிருந்து என் பெயரில் கடிதம் வரலாம் என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப். வழியில் யாரும் கடிதத்தைத் திருத்தவில்லை என்று காட்டும் அரக்கு முத்திரை டிகிம். இவை பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று காவலாளிக்குச் சொல்லும் கட்டளை டிமார்க். ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நம்மைப் போன்ற சிறியவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

இதில் நம்மவர்கள் இடறுவது ஓரிடத்தில்தான். அனுப்புநர் இடத்தில் சொந்த ஜிமெயில் முகவரியைப் போட்டு, வேறொரு சேவை வழியாக அனுப்பிவிடுகிறார்கள். பெயர் கூகுள் வீட்டுப் பெயர். கடிதம் வருவதோ வேறு வீட்டிலிருந்து. முத்திரை எப்படிப் பொருந்தும்? கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போய்விடும், அல்லது சேவையே உங்கள் முகவரியை மாற்றிப் போட்டுவிடும். ஆகையால் சொந்தமாக ஓர் இணையப் பெயர், அதாவது டொமேன், வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு நூறு வெள்ளி அளவில் கிடைக்கும். சேவைக்குச் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய செலவு இதுவே என்பது எங்கள் கருத்து. சேவை மாறினாலும் பெயர் உங்களுடையதாகவே இருக்கும். முத்திரைகளை எப்படிப் பதிப்பது என்று படிப்படியாகக் காட்டும் சேவையைத் தேர்ந்தெடுங்கள். தொழிற்கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடும்.

சட்டமும் ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வியாபாரத்திற்காக ஒருவருடைய விவரத்தை வாங்கினால், எதற்காக வாங்குகிறோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. தமிழையும் சேர்த்து எழுதலாம். விளம்பரம் வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் நிறுத்தியாக வேண்டும். ஆணையர் உத்தரவிட்ட பிறகும் நிறுத்தாதவருக்கு 200,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். கோயில் திருவிழா நன்கொடைப் பட்டியலிலிருந்தோ கல்யாண அழைப்புப் பட்டியலிலிருந்தோ முகவரிகளை எடுத்துப் போடுவது வேண்டவே வேண்டாம். பட்டியலை விலைக்கு வாங்குவதும் அப்படியே. பெரிய சேவைகள் பல அதற்காகவே கணக்கை மூடிவிடும்.

முறுக்குப் பொட்டலத்தோடு ஒரு சிறு சீட்டை வைத்து, "அடுத்த தீபாவளி விலைப்பட்டியல் வேண்டுமானால் முகவரி தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு வந்த 100 பெயர், கேட்காமல் சேர்த்த 1,000 பெயரைவிட அதிகம் விற்றுத் தரும்.

கணக்குத் திறந்தவுடன் 400 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடாதீர்கள். புதிய டொமேனைக் காவலாளிக்கு இன்னும் பழக்கமில்லை. முதல் வாரம், அடிக்கடி வாங்கும் ஐம்பது பேர். அடுத்த வாரம் நூறு. பிறகு மீதிப் பேர். தமிழில் எழுதிய தலைப்பு வரி எல்லாக் கைப்பேசியிலும் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பக்கத்து வீட்டு அக்காளின் கைப்பேசியிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தீபாவளி ஆர்டருக்காக என்றால், இந்த வேலையை ஆடி மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.