விஷத்திற்கு வரம்பு வகுப்போர்

காற்றிலும் நீரிலும் கலக்கும் நச்சுப் பொருள் இன்ன அளவுக்கு மேற்போனால்தான் பிரஜைகளுக்குத் தீங்கு என்று சர்க்கார்கள் வரம்பு வகுக்கின்றன. அவ்வரம்பை எவருடைய தேகத்தை முன்னிட்டு வகுக்கிறார்கள் என்று விசாரிப்பது நமது கடமையாகும்.

அமெரிக்காவில் நிகழ்ந்த ஈயத்தின் சரித்திரம் இதற்குத் தக்க திருஷ்டாந்தம். 1923-ம் வருஷத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் அங்கே விற்பனைக்கு வந்தது. மறு வருஷமே அச்சரக்கைத் தயாரித்த தொழிலாளர் சிலர் சித்தம் கலங்கி மாண்டனர். ஆயினும், பொதுஜனங்களுக்குத் தீங்கென்று ருசுவாகும்வரை தடுக்க நியாயமில்லை என்று கம்பெனியார் பக்கம் நின்ற ராபர்ட் கெஹோ என்ற நிபுணர் வாதித்தார். சற்றேறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அவ்வாதமே வென்றது.

விளைவு என்ன? குழந்தையின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு கண்டால் கவலை கொள்ள வேண்டும் என்பதற்கு 1960-களில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்ற கணக்கு வழங்கியது. அது 1985-ல் 25, 1991-ல் 10, 2012-ல் 5, 2021-ல் 3.5 என்று இறங்கிற்று. ஈயத்தின் குணம் மாறவில்லை. குழந்தையின் உடலும் மாறவில்லை. அதிகாரிகளின் அறிவே மாறிற்று. அது மாறும்வரை வளர்ந்த குழந்தைகளுக்கு இழந்த புத்தித் திறனை மீட்டுக் கொடுப்பவர் யார்?

1983-ல் அந்நாட்டுத் தேசீய ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கு படிகளை வகுத்தது: பொருள் தீங்கானதா, எவ்வளவில் எவ்வளவு தீங்கு, எவருக்கு எவ்வளவு சேருகிறது, முடிவில் அபாயம் எத்தன்மையது என்பன அவை. முறை நன்றே. ஆனால் மூன்றாவது படியில் திடகாத்திரமுள்ள ஆண்மகனை மாத்திரம் நிறுத்தி அளந்தால், தவழும் சிசு கணக்கிலேயே வராது. மரபணுவைச் சிதைத்துப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களில், இரண்டு வயதுக்குட்பட்டோரின் அபாயத்தைப் பத்து மடங்காகக் கொள்ளுமாறு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகா 2005-ல்தான் விதித்தது.

இந்தியாவில் பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கியது 2000-ம் வருஷத்தில். பிறர் கற்ற பாடத்தை நாம் இனியும் காலந்தாழ்த்திக் கற்கலாகாது. கெடுதல் உண்டென்று காட்டும் பொறுப்பு நோயாளியைச் சேர்ந்ததன்று. கெடுதல் இல்லையென்று காட்டும் பொறுப்பு நஞ்சை வெளிவிடுபவனைச் சேர்ந்தது. வரம்பு வகுக்கும் கணக்கை ஜனங்களின் பாஷையில், ஜனங்களின் முன்னிலையில் சர்க்கார் வைக்கட்டும். நாட்டின் மிக இளைய பிரஜையைக் காக்காத வரம்பு, வரம்பே அன்று.