பெயர் போட்ட தலையணை உறை: தையலும் விலையும்

தையல் மிஷின் கடனில் வாங்கிய சகோதரிகள் நம் குழுக்களில் நிறைய பேர் இருக்கிறோம். தீபாவளி, பொங்கலுக்கு ரவிக்கை குவியும். அப்புறம் மிஷின் சும்மா கிடக்கும், தவணை மட்டும் நிற்காது. அந்த மாதங்களுக்கு ஏற்ற வேலை இது. கல்யாணச் சீர், புதுமனை புகுவிழா, ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளை என்று பெயர் போட்ட உறை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

துணி பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் பளபளப்பாக இருந்தாலும் வியர்வையை உறிஞ்சாது. 44 அங்குல அகலத் துணியில் ஒண்ணே முக்கால் மீட்டர் வாங்கினால் இரண்டு உறை வரும். வெட்டுவதற்கு முன்னால் ராத்திரி பூரா தண்ணீரில் ஊற வைத்து, காய வைத்து, இஸ்திரி போடுங்கள். எங்கள் குழுவில் முதல் ஆர்டருக்கு அவசரத்தில் நனைக்காமலே வெட்டிவிட்டோம். ஒரே அலசலில் உறை சுருங்கித் தலையணை உள்ளே நுழையவில்லை. போதாததற்குச் சிவப்பு நூல் வேறு சாயம் விட்டது. நாலு உறையையும் திருப்பி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தோம். அதிலிருந்து எந்த நூலானாலும் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறோம்.

17க்கு 27 அங்குலத் தலையணைக்கு, 19 அங்குல அகலம், 64 அங்குல நீளம் வெட்டுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு அங்குலம் மடித்துத் தைத்தால் 62 நிற்கும். துணியின் நல்ல பக்கம் மேலே இருக்க, ஒரு முனையிலிருந்து 28 அங்குலம் மடியுங்கள். மீதி 6 அங்குலத்தை அதன் மேல் மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்புங்கள். 6 அங்குல மடிப்பு உள்ளே போய்விடும், தலையணை வெளியே நழுவாது. பட்டன், ஜிப் எதுவும் வேண்டாம்.

ஆனால் பக்கம் தைப்பதற்கு முன்னாலேயே பெயரை முடித்துவிட வேண்டும். பை ஆன பிறகு பிரேம் மாட்டுவது பெரிய பாடு. பால்பாயின்ட் பேனாவால் வரையாதீர்கள், அது போகாது. தையல் கார்பனில் படி எடுங்கள். ஆறு இழை நூலில் இரண்டு அல்லது மூன்று இழை போதும். நம் தமிழ் எழுத்து வளைவு நிறைந்தது. அதற்குக் காம்புத் தையலும் சங்கிலித் தையலும் நன்றாக வளைந்து கொடுக்கும். 'ழ', 'ஞ' வரும் இடத்தில் தையலைச் சின்னதாகப் போடுங்கள். புள்ளியைக் கடைசியில் வைக்கலாம் என்று விட்டால் மறந்தே போகும். 'கண்ணன்' பெயரில் இரண்டு புள்ளி போனால் 'கணணன' ஆகிவிடும்! பெயரை நடுவில் போடாமல் மூலையில் போட்டால் கன்னத்தில் உறுத்தாது.

பிறந்த குழந்தைக்குத் தலையணையும் உறையும் கேட்டு வருவார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தலையணை வைப்பது மூச்சுக்கு ஆபத்து. அதைச் சொல்லி, பெயர் போட்ட துணிப்பை தைத்துத் தரலாம்.

இப்போது விலை. இதில்தான் நாம் ஏமாறுகிறோம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மீட்டர் 100 ரூபாய் என்றால் ஒரு உறைக்குத் துணி சுமார் 88 ரூபாய். நூல், கரண்ட் 12. ஆக 100. அதை 130க்கு விற்று 30 ரூபாய் லாபம் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். பெயர் போட ஒன்றரை மணி நேரம், தைக்க அரை மணி நேரம். அப்படியென்றால் மணிக்கு 15 ரூபாய்தான் கூலி! மணிக்கு 50 வைத்தால்கூட உறை 200 ரூபாய்க்குக் குறையக் கூடாது. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

பெயர் போட்டதை வேறு யாருக்கும் விற்க முடியாது. அதனால் பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். பெயரை அவர்கள் கையாலேயே ஆர்டர் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் கையெழுத்தும் போடட்டும்.