மெய்ப்பாடும் முதியோர் துயரும்

உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படும் என்று கொண்டு, மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலே வகுத்தது தொல்காப்பியம். நகை, அழுகை, இளிவரல் எனத் தொடங்கும் எட்டினையும் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணவர், தம் வீட்டுத் திண்ணையிற் பெருமூச்செறிந்திருக்கும் பாட்டனாரை நோக்குவதில்லை.

யாழ்ப்பாணத்து முதியோரிடம் மனநிலையை வினவின், ஒன்றுமில்லை என்றே விடை வரும். உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, கைகால் உளைவு, “ஒரே யோசனை” என்பனவே அவர் கூறுவன. இதனை அறியாமை என்பர் இளைஞர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. உள்ளத்து நோயை உடம்பின் சொல்லாற் கூறுதல் நம் மரபு. போர்க்கால உளநோய் பற்றி 1993இல் தமிழில் எழுதிய வைத்தியர் தயா சோமசுந்தரமும் தம் நூலுக்கு ‘மனவடு’ என்றன்றோ பெயரிட்டார்!

தலைவியின் மெலிவு கண்ட தாய், வேலனை அழைத்து வெறியாட்டு அயர்தலைக் குறிஞ்சித்திணைப் பாடல்கள் காட்டும். தாயின் அன்பிற் குறையில்லை. மெலிவின் காரணத்தை அவள் அறிந்திலள். இன்று இது தலைகீழாய் நிகழ்கின்றது. தந்தையின் மெலிவுக்குப் பிள்ளைகள் நூல் கட்டுவிக்கின்றனர், நேர்த்தி வைக்கின்றனர், கொழும்புக்குக் கொண்டுசென்று இருதயத்தைச் சோதிப்பிக்கின்றனர். ஈற்றில் “வயதுபோனால் அப்படித்தான்” என அமைகின்றனர். இவ்வொரு வாக்கியம் செய்த தீங்கு பெரிது. மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று. மருந்தாலும் பேச்சாலும் தணியக்கூடிய நோய்.

“எனக்கென்ன விசரே?” என்று முதியவர் சினப்பதற்கும் காரணமுண்டு. அங்கொடை என்ற ஊர்ப்பெயரே வசையாக வழங்கிய காலத்தில் வளர்ந்தவர் அவர். அங்கே அனுப்பப்பட்டோருட் பலர் ஆண்டுக்கணக்காக வீடு திரும்பாதிருந்ததையும், குடும்பத்தில் ஒருவர்க்கு நோயென்றாற் கலியாணப் பேச்சே முறிந்ததையும் அவர் அறிவார். அவ்வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகமாகி, 1926 என்னும் தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் உளநலச் சிகிச்சை கிடைக்கின்றது. ஆயினும் பழைய அச்சம் எளிதில் நீங்குவதன்று.

ஆதலின் அவரைப் பொய் சொல்லி அழைத்துச்செல்லல் வேண்டா. உறக்கமில்லை என்று அவரே கூறுவதை முதலில் வைத்தியரிடம் கூறலாம், அது மெய்யே. மனச்சோர்வுக்குரிய மருந்து பயன்றரச் சில கிழமைகள் செல்லும். அதற்குள் “பிடிக்கவில்லை” என்று குளிசையை அலுமாரியில் வைத்துவிடுவோர் பலர். அந்நாள்களில் உடனிருந்து அவர் உளைவுகளைக் கேட்க ஒருவர் வேண்டும்.